தொழிற்குழுவில் கேள்வி கேட்கும் முறை: செம்பனைத் தோட்டத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் செம்பனையை நம்பி வேலை செய்யும் நம்மவர்களில் பலர் இன்று ஏதேனும் ஒரு தொழிற்குழுவில் உறுப்பினராக இருக்கிறார்கள். புலனத்திலோ டெலிகிராமிலோ இயங்கும் அந்தக் குழுக்களில் பீல்டு கண்டக்டர், மண்டோர் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்), கிராணி (அலுவலக எழுத்தர்), ஆலைப் பணியாளர், சொந்தமாக ஐந்து பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர், ஓய்வு பெற்ற பிறகும் தோட்ட நினைவாகவே இருக்கும் மூத்தவர் என எல்லாரும் ஒன்றுகூடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் என்ன உரம் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கல்யாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ காத்திருந்த காலம் போய், ஜொகூரில் இருக்கும் ஒருவர் கீழ்ப்பேராக்கில் இருப்பவருக்கு அன்றைக்கே பதில் சொல்லும் நிலை வந்திருக்கிறது. இவ்வளவு அனுபவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், பல கேள்விகள் பதில் கிடைக்காமலே மேலே நகர்ந்து மறைந்துவிடுகின்றன. பதில் தெரிந்தவர் குழுவில் இருப்பார். ஆனால் எழுதப்பட்ட கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் எதையும் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது.

மரத்தைப் பார்த்தவர் கேட்பவர் மட்டுமே. பதில் சொல்பவர் நூறு மைலுக்கு அப்பால் தம் வீட்டில் இருக்கிறார். அவர் கண்முன்னே அந்த மரத்தையும் மண்ணையும் நிறுத்துவது கேட்பவரின் பொறுப்பு என்பதை ஏற்றுக்கொண்டால், கேள்வி கேட்பதன் மரியாதை முறைகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் தோட்டத்தில் பார்க்க வேண்டியவை

கைப்பேசியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சிக்கல் ஒரு மரத்திலா, ஒரு நிரையிலா, வயல் முழுவதுமா? வாய்க்கால் ஓரத்தில் மிகுதியா, பள்ளத்தில் மிகுதியா, சாலையோரத்தில் மட்டுமா? இந்த ஒரு விவரமே பாதிக் காரணங்களை விலக்கிவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் மரங்கள் வெளுத்திருந்தால் உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வடிகாலைப் பற்றிப் பேச வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் வாடினால் நோயைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

பிறகு மரத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். குருத்துகள் விரியாமல் இரண்டு மூன்றாக நிற்கின்றனவா, நிறம் மாறியது இளமட்டையா அடிமட்டையா, கீழ்மட்டைகள் பாவாடை போல் தண்டைச் சுற்றித் தொங்குகின்றனவா, தண்டின் அடியில் காளான் தென்படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கடலோரப் பகுதியில் இந்தக் கடைசிப் பார்வையைத் தவிர்க்கவே கூடாது. கனோடெர்மா என்னும் அடித்தண்டு அழுகல் நோய் இந்த மண்ணுக்குப் புதிதன்று. மட்டைகளில் அடையாளம் தெரியும் நேரத்தில் தண்டின் உட்பகுதி பெருமளவு அழிந்திருக்கும். குழுவுக்கு அனுப்பப்படும் படங்களில் தலைப்பகுதி மட்டுமே இருப்பதையும், அனுபவசாலி ஒருவர் “அடித்தண்டைக் காட்டுங்கள்” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதையும் அடிக்கடி காண முடிகிறது.

மட்டைகளை எண்ணிச் சொல்லும் பழக்கம் மிகவும் உதவும். முழுமையாக விரிந்த மட்டைகளில் மிக இளையது முதலாவது. அதே சுழலில் அதற்குக் கீழே வருபவை 9, 17, 25 என்று அமையும். வளர்ந்த மரங்களில் இலைப் பரிசோதனைக்கு எடுப்பதும் அந்த 17ஆம் மட்டையைத்தான். “மேல்மட்டை”, “நடுமட்டை” என்று எழுதினால் ஆளுக்கு ஒரு பொருள் கொள்வார்கள். “17ஆம் மட்டைக்குக் கீழே” என்று எழுதினால் தைப்பிங்கில் இருப்பவரும் குளுவாங்கில் இருப்பவரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

பழைய உரையாடலைத் தேடுதல்

உங்கள் கேள்வியை வேறொருவர் முன்பே கேட்டிருக்க வாய்ப்புண்டு. குழுவின் தேடல் பகுதியில் ஒரே சொல்லை இட்டுத் தேடிவிட்டு விட்டுவிடக் கூடாது. நம் குழுக்களில் ஒரே பொருளைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கில ஒலிப்பிலும் எழுதுகிறார்கள் என்பதால் மூன்று விதமாகவும் தேடிப் பார்க்க வேண்டும். கிடைத்த பதிலின் தேதியைக் கவனிப்பது அதைவிட முக்கியம். களைக்கொல்லி பற்றிய பழைய செய்திகளில் பாராகுவாட் பரிந்துரைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த மருந்து மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் சரியாக இருந்த பதிலை இன்று அப்படியே எடுத்துக்கொண்டால் சட்டச் சிக்கலும் உடல்நலக் கேடும் சேர்ந்து வரும்.

தேடியும் தெளிவு கிடைக்கவில்லையென்றால் அதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். “மார்ச் மாதத்தில் இதைப் பற்றிப் பேசியதைப் படித்தேன், அது கம்புட் (சதுப்பு நிலக் கரி) மண்ணைப் பற்றியது, எங்களுடையது களிமண்” என்ற ஒரு வரி, நீங்கள் உழைத்த பிறகே கேட்கிறீர்கள் என்பதைக் காட்டும். அப்படிக் கேட்பவருக்கு மூத்தவர்கள் நேரம் எடுத்துப் பதில் எழுதுகிறார்கள்.

எங்கே, யாரிடம்

தோட்ட நிறுவனத்தில் வேலை செய்பவர் முதலில் தம் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். அசிஸ்டெண்ட் மேனேஜருக்கோ நிறுவனத்தின் வேளாண் ஆலோசகருக்கோ தெரியாமல் வயலின் சிக்கல் வெளிக்குழுவில் பேசப்படுவது வேலைக்கே பாதகமாக முடியலாம். அனுமதி பெற்றுக் கேட்டாலும் வயல் எண், விளைச்சல் கணக்கு, நிறுவனத்தின் பெயர் ஆகியவை வேண்டியதில்லை. மண், வயது, அறிகுறி இருந்தால் போதும். சிறுதோட்டக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரியையும் அணுகலாம். அவர்கள் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதற்காகவே இருப்பவர்கள்.

ஒரே கேள்வியை நான்கு குழுக்களில் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நான்கிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஓரிடத்தில் ஒருவர் அரை மணி நேரம் யோசித்து எழுதிய பதில், இன்னோரிடத்தில் ஏற்கெனவே சொல்லப்பட்டதாக இருந்தால் அவர் அடுத்த முறை எழுத மாட்டார். இரண்டு நாள் பொறுத்தும் பதில் வராவிட்டால் வேறு குழுவுக்குப் போகலாம். போகும்போது முன்னர் எங்கே கேட்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

கேள்வியை எழுதுதல்

குழுக்களில் வரும் கேள்விகளின் பொதுவான வடிவம் இப்படித்தான் இருக்கிறது: “செம்பனை மஞ்சள் ஆகுது, என்ன மருந்து போடலாம்?” கூடவே ஒற்றை மட்டையின் மங்கலான படம். இதைப் படிப்பவர் மனத்தில் எத்தனை கேள்விகள் எழுகின்றன என்று பாருங்கள். மரத்துக்கு என்ன வயது, என்ன மண், எந்த மட்டை, எத்தனை மரம், எப்போதிலிருந்து, கடைசியாக என்ன உரம், தண்ணீர் நிற்கிறதா? ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் வாங்குவதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். சிலர் அந்தப் பொறுமை இல்லாமல் ஊகித்துச் சொல்வார்கள். அந்த ஊகத்தை நம்பி உரம் வாங்கினால் செலவு உங்களுடையது.

அதே கேள்வியை இப்படி எழுதலாம்:

“வணக்கம். தெலுக் இந்தான் பக்கம், கடலோரக் களிமண். 2014இல் நட்ட செம்பனை, சுமார் 6 ஏக்கர். மூன்று மாதமாக 17ஆம் மட்டைக்குக் கீழே உள்ள மட்டைகள் ஆரஞ்சு நிறமாகின்றன, மேலே பச்சையாகவே இருக்கிறது. வெயில் படும் இலைகளில்தான் நிறமாற்றம். மேல்மட்டையின் நிழல் விழும் பகுதி பச்சை. உள்நிரைகளிலும் ஓர நிரைகளிலும் ஒரே அளவில் தெரிகிறது. தண்ணீர் தேங்குவதில்லை. சென்ற ஆண்டு பொட்டாஷ் இரண்டு முறை போட்டேன், மெக்னீசியம் எதுவும் போடவில்லை. குருத்துகள் ஒழுங்காக விரிகின்றன, அடித்தண்டில் காளான் இல்லை. மெக்னீசியக் குறை என்று நினைக்கிறேன். கீசரைட் (மெக்னீசிய உரம்) வாங்குவதற்கு முன் இலைப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லதா, வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?”

இதை எழுத பத்து நிமிடம் ஆகும். ஆனால் படிப்பவர் ஒரே பார்வையில் பலவற்றைத் தீர்மானிக்க முடியும். அடிமட்டையில் தொடங்கி, நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக எஞ்சுவது மெக்னீசியக் குறையின் தெளிவான அடையாளம். பொட்டாசியக் குறையென்றால் இலையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் திட்டுகளும் தோன்றும். பொட்டாஷ் மிகுதியாகப் போய் மெக்னீசியம் போடாமல் விட்டது அவருடைய ஐயத்தை வலுப்படுத்தும். அடித்தண்டையும் வடிகாலையும் நீங்களே பார்த்துச் சொல்லிவிட்டதால் அந்த இரண்டையும் அவர் மீண்டும் கேட்க வேண்டியதில்லை.

இந்த மாதிரியில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கேட்பவர் தம் ஊகத்தைச் சொல்கிறார், ஆனால் அறிகுறிகளுக்குப் பிறகே சொல்கிறார். பலர் ஊகத்தை மட்டும் கேள்வியாக்கிவிடுகிறார்கள். “கீசரைட் எங்கே மலிவாகக் கிடைக்கும்?” என்று கேட்டால் நாலு கடையின் பெயர் வரும்; மரத்துக்கு உண்மையில் என்ன குறை என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் எடுத்துவிட்ட முடிவைப் பற்றி மட்டும் கேட்காமல் அந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுவந்த சிக்கலையும் சொல்லுங்கள்.

பூச்சி பற்றிய கேள்வியில் எண்ணிக்கை இல்லாமல் பயனில்லை. தோட்டங்களில் உலாட் புங்குஸ் என்று சொல்லும் பைப்புழு தாக்கினால், ஒரு மட்டைக்கு எத்தனை உயிருள்ள புழு, எத்தனை மரத்தில் எண்ணினீர்கள், புழு சிறியதா பெரியதா என்ற மூன்றையும் எழுதுங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் வகை மருந்தைப் புழு தின்றால்தான் அது வேலை செய்யும். இளம்புழுக்களிடம் நன்றாகப் பலிக்கும், வளர்ந்து கூண்டுப்புழுவாகிவிட்ட பிறகு தெளிப்பது வீண். ஆகவே “பைப்புழு நிறைய இருக்கிறது” என்ற வாக்கியத்தை வைத்து யாராலும் தெளிக்கும் நாளைச் சொல்ல முடியாது. பைப்புழு 2013இல் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் ஆபத்தான பூச்சியாக அறிவிக்கப்பட்டது என்பதால், குழுவில் கேட்பதோடு நில்லாமல் செம்பனை எண்ணெய் வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஆலைக் கேள்விகளுக்கும் இதே முறைதான். எண்ணெயின் அமிலத்தன்மை 5 விழுக்காட்டைத் தாண்டுகிறது என்று கேட்பவர், வெட்டியதிலிருந்து ஆலைக்கு வர எத்தனை மணி நேரம், குலைகள் அடிபட்டு வருகின்றனவா, மழைநாளில் கூடுகிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

படங்கள்

மூன்று தூரத்தில் எடுத்த மூன்று படம் போதும். ஒன்று வயலின் தோற்றம், ஒன்று அடித்தண்டோடு சேர்ந்த முழு மரம், ஒன்று இலையின் அண்மைப் படம். அண்மைப் படத்தில் ஒரு பேனாவையோ இருபது சென் நாணயத்தையோ பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். நேர் வெயிலில் எடுத்தால் மஞ்சளும் வெளிர்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் காலை வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. புலனம் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் நுண்ணிய புள்ளிகள் மறைந்துவிடும். அண்மைப் படத்தை மட்டும் ஆவணமாக அனுப்பலாம். ஆனால் ஆவணமாக அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் குறிப்பும் அதனோடு சேர்ந்து போகக்கூடும். கேமராவின் இட அமைப்பை முன்பே அணைத்துவிடுங்கள்.

வேலையாட்களின் முகம் படத்தில் வேண்டாம். மருந்து டப்பாவைக் காட்ட வேண்டுமென்றால் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. ‘பெராவிஸ் அக்திஃப்’ என்று மலாயில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருளின் பெயரும் விழுக்காடும் தெரிய வேண்டும். ஒரே மூலப்பொருள் பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால் அந்த வரிதான் பதில் சொல்பவருக்கு வேண்டியது.

விளிப்பும் நேரமும்

அதிகாலைப் பெரட்டு நேரத்தில் கண்டக்டர்களும் மண்டோர்களும் ஆள் கணக்கெடுப்பதில் இருப்பார்கள். நண்பகல் வரை வயலில் இருப்பார்கள். பிற்பகலிலோ இரவு எட்டு மணி வாக்கிலோ போடப்படும் கேள்வியை அமைதியாக உட்கார்ந்து படிப்பார்கள். தீபாவளி, தைப்பூச நாட்களில் வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே கேள்வி காணாமல் போகும்.

அண்ணே, அக்கா, ஐயா, சார் என்று அந்தந்தக் குழுவில் வழங்கும் முறையிலேயே அழையுங்கள். ஒரு மூத்தவரின் பெயரைக் குறிவைத்துப் பொதுவெளியில் கேட்பது அவரைக் கட்டாயப்படுத்துவதாகும். பதில் சொல்லாவிட்டால் தெரியாதவர் என்று நினைப்பார்களோ என்ற சங்கடம் அவருக்கு வரும். அனைவரையும் பார்த்துக் கேளுங்கள், அவராக முன்வருவார். அவருடைய எண்ணுக்குத் தனியாக அழைப்பதற்கு முன் “தனியாகப் பேசலாமா ஐயா?” என்று அனுமதி கேட்பது முறை. “அவசரம்” என்ற சொல்லை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் பதிவு பற்றிச் சில குழுக்களில் கடுமையான விதி இருக்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறும் மண்டோர்களும் மலாய்ப் பள்ளியில் படித்தவர்களும் நம்மிடையே நிறைய; அவர்கள் கண்ட விவரம் எழுதத் தெரிந்தவர் கண்டதைவிடக் குறைந்ததன்று. ஆனால் குரல் பதிவு தேடலில் அகப்படாது. ஒரு நிமிடத்துக்குள் பேசிவிட்டு, “களிமண், 11 வயது செம்பனை, அடிமட்டை ஆரஞ்சு” என்று ஒரு வரியைக் கீழே எழுதிவிட்டால் இருவருக்கும் நல்லது. எழுத முடியாதவருக்கு அந்த ஒரு வரியைக் குழுவில் இன்னொருவர் எழுதித் தரலாம்.

பதில் வந்த பிறகு

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அது இயல்பு. ஒருவரை எடுத்துக்கொண்டு மற்றவரைத் தள்ளாதீர்கள், இருவரிடமும் “எந்த அறிகுறியை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் காட்டும் அறிகுறியை மறுபடியும் வயலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பெரும்பாலும் வேறுபாடு மண்ணிலோ மரத்தின் வயதிலோ இருக்கும். இருவரும் தத்தம் இடத்தில் சரியாகவே சொல்லியிருப்பார்கள். கூடுதல் விவரத்தை முதல் செய்திக்கு மறுமொழியாகவே இணைத்து எழுதினால் நடுவில் வருபவரும் தொடர்பைப் பிடித்துக்கொள்வார்.

மருந்தளவைக் குழுவில் கேட்டுத் தெரிந்துகொண்டாலும் டப்பாவின் சிட்டையோடு ஒப்பிடாமல் கலக்கவே கூடாது. நம் நாட்டில் விற்கும் மருந்துகள் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்தப் பயிருக்கு, எந்த அளவில் என்பது சிட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். எவ்வளவு மூத்தவர் சொன்னாலும் சிட்டைக்கு மாறாக இருந்தால் சிட்டையைப் பின்பற்றுங்கள். அளவைக் கூட்டினால் முதலில் பாதிக்கப்படுபவர் முதுகில் பம்பு சுமக்கும் தொழிலாளி.

குழுவில் கேட்கக் கூடாதவை

மருந்து உடலில் பட்டவரையோ குடித்தவரையோ பற்றிக் குழுவில் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. 999ஐ அழைத்து, மருந்து டப்பாவின் சிட்டையோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நச்சு பற்றிய ஆலோசனைக்குப் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

கிராணிமார்கள் பெர்மிட் புதுப்பிப்பது பற்றிக் கேட்கும்போது அந்நியத் தொழிலாளியின் கடப்பிதழ்ப் பக்கத்தையே படமெடுத்துப் போடுவதுண்டு. வேண்டவே வேண்டாம். அந்த எண்ணும் முகமும் யாருடைய கைக்கும் போகலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தன் ஆவணத்தை நம்மை நம்பிக் கொடுத்தவரின் பாதுகாப்பு அது. பெயரும் எண்ணும் இல்லாமலே கேள்வியைக் கேட்க முடியும். சம்பளத் தகராறு, வேலை நீக்கம் போன்றவற்றைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் அலுவலகத்திடமோ கொண்டுபோங்கள்.

முடிவைத் தெரிவித்தல்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். குழுவின் அறிவு வளர்வது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். “நன்றி” என்ற சொல்லோடு உரையாடல் முடிந்துவிட்டால், சொன்ன யோசனை பலித்ததா இல்லையா என்பது சொன்னவருக்கே தெரியாமல் போகிறது. மெக்னீசியம் போட்டு மரம் தேற மாதக்கணக்காகும். அதற்குள் கேட்டவரும் மறந்துவிடுவார். ஆகவே உரம் போட்ட நாளன்றே கைப்பேசியில் நினைவூட்டல் ஒன்றை வைத்துவிடுங்கள். பைப்புழுவுக்குத் தெளித்தால் ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணி எழுதலாம்.

அந்தச் செய்தியில் சிக்கலை ஒரு வரியிலும், செய்ததை ஒரு வரியிலும், கண்டதை ஒரு வரியிலும் எழுதி, பழைய கேள்விக்கே மறுமொழியாக இணைத்துவிடுங்கள். தேடுபவருக்கு அகப்படும் வகையில் செம்பனை, களிமண், மெக்னீசியம், கீசரைட் போன்ற சொற்கள் அதில் இருக்கட்டும். யோசனை பலிக்கவில்லையென்றாலும் எழுதத்தான் வேண்டும்; யார் சொன்னது என்று குறிப்பிடாமல், “கீசரைட் போட்டும் எட்டு மாதத்தில் மாற்றமில்லை, இலைப் பரிசோதனையில் மெக்னீசியம் போதுமான அளவில் இருந்தது” என்று கண்டதை மட்டும் எழுதினால் போதும். சொன்னவரே அதைப் படித்து அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுவார்.